மலாவி கிராமத்துக்கு உர மூட்டை வாங்கித் தரலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

லிம்பேவாசி
2 செப்டம்பர் 2024

எல்லோருக்கும் வணக்கம். மலாவியில் பிளான்டயரை ஒட்டிய லிம்பேயில் ஒன்பது வருஷமாக இருக்கிறேன். கணக்கு எழுதும் வேலை. விவசாயம் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கோடை விடுமுறையில் தாத்தா வீட்டில் பார்த்ததுதான்.

இங்கே சில தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து வருஷா வருஷம் கொஞ்சம் பணம் திரட்டுவோம். போன வருஷம் மார்ச்சில் ஃப்ரெடி புயல் வந்தபோது போர்வை, சோப்பு, மக்காச்சோள மாவு கொடுத்தோம். இந்த வருஷம் எல் நீனோ, மழை பொய்த்துவிட்டது. மார்ச்சில் 28 மாவட்டங்களில் 23ஐப் பேரிடர் மாவட்டம் என்று அரசு அறிவித்தது.

எங்கள் வீட்டுக் காவலாளி பக்கத்து மாவட்டமான சிராட்சூலுவைச் சேர்ந்தவர். போன ஞாயிறு அவர் ஊருக்குப் போயிருந்தேன். அவர் மனைவி தானியம் வைக்கும் குதிர் ஒன்றைக் காட்டினார். மூங்கில் பின்னிக் கால் வைத்து உயர்த்திய பெரிய கூடை, ன்கோக்வே என்கிறார்கள். அறுவடை முடிந்து நாலு மாதம்தான் ஆகிறது. உள்ளே எட்டிப் பார்த்தால் அடித்தட்டு தெரிகிறது. ஓரத்தில் பத்துப் பதினைந்து கதிர், அவ்வளவுதான். அடுத்த அறுவடை ஏப்ரலில். வருஷத்துக்கு ஒரே மழை, ஒரே போகம்.

கையில் சுமார் 4,000 டாலர் இருக்கிறது. ஊரில் அறுபது சொச்சம் குடும்பம். தலைக்கு அரை ஹெக்டேர், முக்கால் ஹெக்டேர் நிலம். குடும்பத்துக்கு ஒரு உர மூட்டை என்று எங்கள் ஆட்கள் ஏறக்குறைய முடிவே செய்துவிட்டார்கள். எனக்கு மட்டும் ஏதோ உறுத்துகிறது. இங்கே விவரம் தெரிந்தவர்கள் இருப்பீர்கள் என்று கேட்கிறேன்.

(மண்வெட்டிக்கு இங்கே பெயர் 'காசு'. உழவுக்கு மாடு கிடையாது, எல்லாமே காசால்தான். கேட்டவுடன் சிரித்துவிட்டேன், அப்புறம் சிரிப்பு வரவில்லை.)

---

நேர்படப்பேசு
2 செப்டம்பர் 2024

நம்மூரில் விவசாயி கோவணத்தோடு நிற்கிறான். ஆப்பிரிக்காவுக்கு எதற்கு அண்ணே? முதலில் நம் வீட்டைப் பார்ப்போம்.

---

மண்டிக்காரன்
2 செப்டம்பர் 2024

நேர்படப்பேசு தம்பி, நேற்று உங்கள் வீட்டுச் சாம்பாரில் கிடந்த பருப்பு எந்த ஊர் என்று தெரியுமா?

விருதுநகரில் மூன்று தலைமுறையாகப் பருப்பு வியாபாரம் எங்களுக்கு. தூத்துக்குடியில் இறங்குகிற துவரையில் பர்மா 'லெமன்' ஒன்று. மற்றதெல்லாம் ஆப்பிரிக்கா. தான்சானியாவின் அரூஷா, மட்வாரா, மொசாம்பிக் கஜ்ரி, மலாவி ரெட் என்று மண்டியில் தனித்தனிப் பெயர் இருக்கிறது. இந்தியாவில் விளைகிற துவரை நமக்கே போதாது. பற்றாக்குறையை நிரப்புவதில் லிம்பேவாசி சொல்கிற மாதிரி அரை ஹெக்டேர்க்காரர்களுக்குப் பெரிய பங்கு.

லிம்பேவாசி சார், ஒன்று கேட்கிறேன். நீங்கள் பார்த்த வயலில் மக்காச்சோளத் தட்டைக்கு நடுவே பச்சையாக நின்ற செடி என்ன?

---

லிம்பேவாசி
3 செப்டம்பர் 2024

ஆமாம் சார், துவரையேதான். இங்கே நண்டோலோ என்பார்கள். மக்காச்சோளம் ஏப்ரலில் அறுத்த பிறகும் அது தனியாக நிற்கிறது. ஊரே காய்ந்து கிடக்கையில் அது மட்டும் மஞ்சள் பூவும் காயுமாக. லிம்பேயில் அதை உடைத்துப் பருப்பாக்கும் மில்கள் உண்டு, அந்த வாசனையில்தான் தினமும் ஆபீஸ் போகிறேன். ஆனால் அது தூத்துக்குடி வரைக்கும் வருகிறது என்று இப்போதுதான் உறைக்கிறது.

---

மண்டிக்காரன்
3 செப்டம்பர் 2024

அப்படியானால் 2017 கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

2015இல் நம்மூரில் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது ஞாபகம் இருக்கும். அரசாங்கம் பதறியது. 2016 ஜூலையில் பிரதமர் மொசாம்பிக் போனபோது ஒப்பந்தம் போட்டார்கள்: முதல் வருஷம் ஒரு லட்சம் டன், படிப்படியாக ஏற்றி இரண்டு லட்சம் டன் வாங்குகிறோம் என்று. செய்தி காற்றில் பரவியது. மொசாம்பிக், மலாவி, தான்சானியா எல்லாம் சேர்ந்து துவரை போட்டார்கள். இங்கே நம் விவசாயியும் அதே விலையைப் பார்த்துத் துவரை போட்டார். 2016-17இல் இந்தியாவில் மட்டும் 48 லட்சம் டன் அளவுக்கு விளைந்து தள்ளியது. விலை தரைக்கு வந்தது. 2017 ஆகஸ்ட் 5ஆம் தேதி டெல்லி ஒரு அறிவிப்புப் போட்டது: துவரை இறக்குமதிக்கு வருஷத்துக்கு இரண்டு லட்சம் டன்தான் உச்சவரம்பு.

ஆகஸ்ட் என்பதைக் கவனியுங்கள். அங்கே துவரை அறுக்கிற காலம் அது. காய் பறித்து, அடித்து, மூட்டை கட்டி வைத்த பிறகு வாங்க ஆளில்லை. விலை பாதிக்கும் கீழே போனது. நான் அப்போது ஒரு சரக்கில் மாட்டிக்கொண்டேன், நஷ்டம்தான். ஆனால் எனக்கு வேறு சரக்கு இருந்தது, ஓட்டினேன். அந்த ஊர் விவசாயிக்கு?

2021 மே மாதம் மறுபடி திறந்துவிட்டார்கள், அப்போதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிக்கிறார்கள். மலாவியோடும் 2021இல் வருஷத்துக்கு 50,000 டன் என்று ஐந்து வருஷ ஒப்பந்தம் போட்டார்கள். ஒப்பந்தம் இருந்தால் மட்டும் போதாது என்று 2017இல் பார்த்துவிட்டோம், அது வேறு விஷயம்.

---

கணக்கு_வாத்தியார்
4 செப்டம்பர் 2024

நல்ல இழை. உர மூட்டைக்கு வருகிறேன், ஏனென்றால் உர மானியம் என்றால் பாடப்புத்தக உதாரணமே மலாவிதான்.

2005இல் மழை பொய்த்து விளைச்சல் 12 லட்சம் டன்னாகச் சரிந்தது. நாட்டுக்குத் தேவை 20 லட்சம் டன் அளவு. அப்போதைய அதிபர் பிங்கு வா முத்தாரிகா கூப்பன் திட்டம் கொண்டுவந்தார். ஒரு குடும்பத்துக்கு 50 கிலோ மூட்டை இரண்டு, அடியுரம் ஒன்று, மேலுரமாக யூரியா ஒன்று. கூடவே மக்காச்சோள விதை. விவசாயி கொடுத்தது சந்தை விலையில் மூன்றில் ஒரு பங்குதான். மானியமே கூடாது என்று பல வருஷம் அறிவுரை சொல்லிவந்தவர்கள் முகம் சுளித்தார்கள். அவர் கேட்கவில்லை. 2007இல் விளைச்சல் 30 லட்சம் டன்னைத் தாண்டியது என்றது அரசு. பட்டினிக்கு மாவு கேட்டுக்கொண்டிருந்த நாடு ஜிம்பாப்வேக்கு மக்காச்சோளம் விற்றது. உலகப் பத்திரிகைகள் கொண்டாடின.

கதையின் மறுபாதியை அவ்வளவாக யாரும் எழுதவில்லை. அந்த இரண்டு வருஷமும் மழை நன்றாகப் பெய்தது. ஏற்றுமதி செய்த சூட்டோடு 2008இல் உள்ளூர் விலை எகிறியது. அப்படியானால் 30 லட்சம் டன் உண்மையிலேயே விளைந்ததா என்ற சந்தேகம் இன்றைக்கும் தீரவில்லை. பல வருஷங்களில் விவசாயத் துறைப் பணத்தில் பாதிக்கு மேல் இந்தக் கூப்பனுக்கே போனது. ஆராய்ச்சிக்கும், விவசாயிக்கு ஊரிலேயே வந்து ஆலோசனை சொல்லும் விரிவாக்கப் பணியாளருக்கும் மிச்சம் என்ன இருக்கும்? 2020இல் வேறு பெயரில் இன்னும் பெரிதாக்கினார்கள், 35 லட்சம் குடும்பங்களுக்கு மேல். 2022இல் உலகச் சந்தையில் உர விலை ஏறியது. அந்நாட்டு நாணயமான குவாச்சாவின் மதிப்பை அந்த மே மாதம் 25 சதவீதமும் 2023 நவம்பரில் 44 சதவீதமும் குறைத்தார்கள். கடலில்லாத நாடு, உரத்தை டாலரில் வாங்கிப் பெரும்பாலும் மொசாம்பிக் துறைமுகம் வழியாகக் கொண்டுவர வேண்டும். பயனாளிகள் எண்ணிக்கையை வருஷா வருஷம் வெட்டினார்கள்.

ஆக, ஒரு நாட்டின் கஜானாவே தாங்காத பாரம். உங்கள் 4,000 டாலர் ஒரு பருவம் தாங்கும். அடுத்த வருஷம் என்ன செய்வீர்கள்?

---

இரணைமடு
4 செப்டம்பர் 2024

கிளிநொச்சியில இருந்து எழுதுறன். கணக்கு வாத்தியார் சொல்லுறது சரிதான், ஆனா அதைக் கேட்டுட்டு 'பசளையே வேண்டாம், இயற்கையா செய்யட்டும்' எண்டு யாரும் முடிவெடுத்திடாதேங்கோ.

2021 ஏப்ரல், மேயில எங்கட நாட்டில ரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே அடியா நிப்பாட்டினவை. அந்தப் பெரும்போகம் என்ர ஆறு ஏக்கர் வயலில நெல்லு மஞ்சளா நிண்டதை நான் சாகுமட்டும் மறக்க மாட்டன். நவம்பரில தடையை எடுத்தவை. ஆனா பயிருக்குப் பருவம் எண்டு ஒண்டு இருக்கெல்லோ? கமக்காரன் பத்து வருஷத்தில மெல்ல மெல்ல மாறலாம், ஒரு கடுதாசியால மாற ஏலாது.

ஒரு மூட்டை எண்டாலும் மூட்டைதான். குடுக்கிறதெண்டா நேரத்துக்குக் குடுங்கோ, அவ்வளவுதான்.

---

பயணப்பை
6 செப்டம்பர் 2024

இந்தத் தளத்தில் எப்போதாவதுதான் எழுதுவேன். மலாவி என்று பார்த்ததும் நிறுத்த முடியவில்லை. ஒரு தொண்டு நிறுவனத்துக்காக அங்கே நாலு வருஷம், ஜாம்பியாவில் இரண்டு வருஷம் இருந்தேன்.

இரணைமடு அண்ணா சொன்ன அந்த 'நேரத்துக்கு' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்கிறேன். கூப்பன் உரம் பல கிராமங்களுக்கு ஜனவரியில்தான் வந்து சேரும். அதற்குள் மக்காச்சோளம் முழங்கால் தாண்டியிருக்கும். அடியுரம் போட்டு என்ன பயன்? இன்னொன்றும் பார்த்திருக்கிறேன். உரம் கையில் வந்த அன்றே அதை விற்று மாவு வாங்குவார்கள். வெளியூர் அதிகாரி அதைப் பார்த்துவிட்டு 'இவர்களுக்குப் பொறுப்பில்லை' என்பார். வீட்டில் பிள்ளை பசித்துக் கிடக்கும்போது மூன்று மாதம் கழித்து வரப்போகிற கதிருக்கு உரம் வைக்க யாருக்குத்தான் மனசு வரும்?

லிம்பேவாசி, உங்கள் காவலாளியின் மனைவியிடம் 'கன்யூ'வுக்குப் போவாரா என்று கேளுங்கள். கன்யூ என்றால் அன்றாடக் கூலி வேலை. குதிர் காலியானதும் டிசம்பர், ஜனவரி, பிப்ரவரியில் ஊரில் பாதிப் பேர் இதற்குத்தான் போவார்கள். கூலியாக ஒரு தட்டு மாவோ, கொஞ்சம் குவாச்சாவோ கிடைக்கும். என்ன வேலை தெரியுமா? கொஞ்சம் வசதியானவர் வயலில் களை எடுப்பது, மண் அணைப்பது. அதே வாரங்களில்தான் தன் வயலிலும் களை எடுத்தாக வேண்டும். விடிகாலையில் அடுத்தவர் வயலுக்குப் போய் மதியம் திரும்பினால் தன் வயலில் குனிய உடம்பில் தெம்பு இருக்காது. களை மூடிவிடும். ஏப்ரலில் பாதிதான் விளையும். அந்தப் பாதி செப்டம்பரிலேயே தீரும். அடுத்த டிசம்பரில் மறுபடி கன்யூ.

நான் பார்த்தவரை அங்கே ஏழ்மை சுற்றிச் சுற்றி வருகிற வழி இதுதான். உர மூட்டை இந்த வளையத்தை வெட்டாது. களை மண்டின வயலில் போட்ட உரத்தைத் தின்பதும் களைதான்.

ஆகையால் என் யோசனை: ஜனவரியில் வீட்டில் மாவு இருக்கும்படி செய்யுங்கள். மூன்று வாரத்துக்கு இருந்தால் போதும். மீதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

---

மானாவாரி
6 செப்டம்பர் 2024

பயணப்பை அக்கா எழுதியதைப் படித்துவிட்டு எங்கள் ஆத்தாவிடம் சொன்னேன். 'ஐப்பசி, கார்த்திகைல நாங்களும் அப்படித்தான்டா போனோம்' என்றது. ரேஷன் அரிசி வருவதற்கு முந்தைய கதை அது.

திருவண்ணாமலைப் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் மானாவாரி. நிலக்கடலைக்கு நடுவே துவரை போடுவது எங்கள் தாத்தா காலத்துப் பழக்கம். கடலை மூன்றரை மாதத்தில் வீட்டுக்கு வந்துவிடும், துவரை நின்று தையில் வரும். முதல் மூன்று மாதம் துவரை வளருகிறதா இல்லையா என்றே தெரியாது, அதனால் கடலைக்கு நிழல் கட்டாது. இலை எல்லாம் உதிர்ந்து மண்ணிலேயே மக்கும். அடுத்த வருஷம் அந்த இடத்தில் சோளம் போட்டால் நிறமே வேறு.

அங்கே மக்காச்சோளம், துவரை இருக்கிறது சரி, கடலை போடுவார்களா? தட்டையை என்ன செய்கிறார்கள்? சுடுமல்லி (பயிரின் வேரில் ஒட்டிச் சத்தை உறிஞ்சும் களை) உண்டா? படைப்புழு உண்டா? (படைப்புழு 2016இல் ஆப்பிரிக்காவில் இறங்கி 2018இல் எங்கள் மக்காச்சோளத்துக்கு வந்துவிட்டது. அந்த விஷயத்தில் நாமும் மலாவிக்காரரும் பங்காளிகள்.)

---

லிம்பேவாசி
9 செப்டம்பர் 2024

நேற்று மறுபடி போய்வந்தேன். மானாவாரியின் கேள்விப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பரீட்சைக்குப் போனவன் மாதிரி நின்றேன்.

கடலை கொஞ்சம் போடுகிறார்கள், பெண்கள்தான். விதை வைத்திருக்க முடிவதில்லை, பசியில் விதையும் போய்விடுகிறது. தட்டையை எரிக்கிறார்கள். ஏன் என்று கேட்டதற்கு எல்லோரும் சிரித்தார்கள்: எலி பிடிக்க! தீ வைத்தால் வளை தெரியும், தோண்டலாம். எலியை வேகவைத்து உப்புப் போட்டுக் குச்சியில் கோத்துச் சாலையோரம் விற்பதை நான் வாரா வாரம் பார்க்கிறேன், அதற்கும் மண் சத்துக்கும் முடிச்சு இருப்பது தெரியாது. சுடுமல்லி படத்தைக் காட்டினேன். ஒரு பாட்டி உடனே தலையில் கை வைத்தார். ஆக, உண்டு. படைப்புழுவும் உண்டு, மணலை எடுத்துக் குருத்தில் போடுகிறார்கள்.

கன்யூ பற்றிக் கேட்டேன். காவலாளியின் மனைவி போன ஜனவரியில் பதினெட்டு நாள் போனாராம். நாள் கணக்கு விரல் நுனியில் இருக்கிறது. தன் வயலுக்கு எத்தனை முறை களை எடுத்தீர்கள் என்றேன். ஒரு முறை, அதுவும் முழுசாக இல்லை.

ஒன்பது வருஷமாக அவர் கணவருக்கு மாதா மாதம் சம்பளம் எண்ணிக் கொடுக்கிறேன். இதை ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை.

---

பயணப்பை
9 செப்டம்பர் 2024

கடலையும் துவரையும் சேர்த்துப் போடுவதை மானாவாரி தம்பி சொன்னது நல்லதாயிற்று. வடக்கு மலாவியில் எக்வெண்டேனி என்ற ஊரில் மிஷன் ஆஸ்பத்திரி ஒன்று உண்டு. சத்துக்குறைவான பிள்ளைகள் திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்து, 2000ஆம் ஆண்டில் ஆஸ்பத்திரிக்காரர்களே விவசாயிகளோடு வயலில் இறங்கினார்கள். கடலையோடு துவரை, சோயாவோடு துவரை. விளைந்ததை எப்படிச் சமைப்பது என்று ஊர் கூடிச் சமைத்துப் பார்க்கும் நாள்கூட வைத்தார்கள், ஆண்களும் கரண்டி பிடித்தார்கள். சில வருஷத்தில் பிள்ளைகள் எடை தேறியது. மக்காச்சோளக் களியான ன்ஸீமாவை மட்டுமே தின்று வளர்ந்த பிள்ளைக்குப் பயறு எவ்வளவு பெரிய விஷயம்!

ஆனால் எல்லா ஊரிலும் எடுபடாது. அறுவடை முடிந்ததும் ஆட்டை அவிழ்த்துவிடுவது அங்கே வழக்கம். காய்ந்த காட்டில் பச்சையாக நிற்கிற ஒரே செடி துவரை, ஆடு விடுமா? தெற்கே உங்கள் பக்கம் துவரை பழக்கமான பயிர், ஆட்டைக் கட்டி வைப்பார்கள். வடக்கிலும் நடுப்பகுதியிலும் இதற்காகவே ஊர்த் தலைவரைப் பிடித்துப் பேச வேண்டியிருந்தது.

அப்புறம் ம்சங்கு மரம் இருக்கிறதா என்று பாருங்கள். மழைக்காலத்தில் இலை உதிர்த்துவிட்டுக் கோடையில் துளிர்க்கும் விசித்திர மரம். பயிர் நிற்கும்போது நிழல் இல்லை, இலை மட்டும் உரமாகும். கன்றாக முளைத்ததை வெட்டாமல் விட்டாலே போதும், நட வேண்டியதுகூட இல்லை. நைஜரில் மரடிப் பக்கம் விவசாயிகள் இப்படி வெட்டாமல் விட்டே லட்சக்கணக்கான ஹெக்டேரில் மரம் திரும்பியது. அதற்கு ஆன செலவு அனேகமாக ஒரு கவாத்துக் கத்திதான்.

---

கணக்கு_வாத்தியார்
10 செப்டம்பர் 2024

ஜனவரி மாவு யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் சும்மா கொடுப்பதா, கடனாகக் கொடுப்பதா? சும்மா கொடுத்தால் அடுத்த வருஷம் மறுபடி உங்கள் பாக்கெட். கடன் என்றால் திரும்பி வராது. உலகம் முழுக்கத் தானிய வங்கிகள் தொடங்கின வேகத்தில் காலியாகியிருக்கின்றன. வறட்சி வந்தால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வரும். யாரும் யாருக்கும் திருப்பித் தர முடியாது.

---

பயணப்பை
10 செப்டம்பர் 2024

வாத்தியார் சார், நியாயம்தான். ஆனால் ஊரில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் நாம் புதிதாக ஒன்றைத் தொடங்குவதுதான் பாதி வங்கிகள் காலியாவதற்குக் காரணம்.

மலாவியில் கிராமத்துக்குக் கிராமம் பெண்கள் சேமிப்புக் குழு உண்டு. 'பேங்க் ன்கோண்டே' என்பார்கள். ன்கோண்டே என்றால் வீட்டு முன்திண்ணை. திண்ணை வங்கி! பதினைந்து, இருபது பேர் வாரா வாரம் பங்கு போடுவார்கள். பெட்டிக்கு மூன்று பூட்டு, மூன்று சாவியும் மூன்று பேர் கையில். உறுப்பினர்களுக்குள் கடன், வட்டியும் அவர்களுக்கே. வருஷக் கடைசியில் பிரித்துக்கொள்வார்கள். இந்த முறை 1991இல் அதே நைஜர் மரடியில் தொடங்கியது, நம்ம மகளிர் சுயஉதவிக் குழு மாதிரி, வங்கிக் கடன் மட்டும் கிடையாது. அந்தக் குழுவிடம் மக்காச்சோளத்தை ஒப்படையுங்கள். வட்டியோ கெடுவோ அவர்கள் வைக்கட்டும். உங்கள் சங்கம் ஒதுங்கி நிற்கட்டும்.

---

மண்டிக்காரன்
11 செப்டம்பர் 2024

ஒரு சின்ன யோசனை. ஒரு தராசு வாங்கிக் கொடுங்கள்.

சிரிக்காதீர்கள். வியாபாரியாகச் சொல்கிறேன், கிராமத்துக்குப் போய்க் கொள்முதல் செய்கிறவன் விலையில் ஏமாற்ற வேண்டியதே இல்லை, எடையில் எடுத்துவிடுவான். விருதுநகரில் எங்கள் அப்பா காலத்தில் எங்கள் கடையிலேயே நடந்ததுதான், மறைப்பானேன். ஊர்ப் பொதுவில் ஒரு நல்ல தராசு தொங்கினால் அவன் தராசு தானாக ஒழுங்காகிவிடும்.

---

லிம்பேவாசி
22 செப்டம்பர் 2024

சங்கக் கூட்டம் முடிந்தது. இரண்டரை மணி நேரச் சண்டை. 'உரம் என்றால் போட்டோ எடுக்கலாம்' என்று ஒருவர் வாய்விட்டே சொன்னார். கடைசியில் முடிவானது இது: பாதிப் பணத்துக்கு மக்காச்சோளம், குடும்பத்துக்கு 50 கிலோ. இப்போதே வாங்கித் திண்ணை வங்கிப் பெண்களிடம் வைத்து ஜனவரியில் கொடுப்பது. அறுவடைக்குப் பின் தானியமாகவோ நண்டோலோவாகவோ திருப்பித் தரட்டும். மீதியில் முப்பது பேருக்குக் கடலை விதை, மூன்றடுக்குப் பைகள், ஒரு தொங்கு தராசு. உரம் இல்லை. இரணைமடு அண்ணன் மன்னிக்கவும்.

---

இரணைமடு
23 செப்டம்பர் 2024

மன்னிப்பெல்லாம் எதுக்கு. தராசு நல்லாயிருக்கு. மூன்றடுக்குப் பை எண்டா என்ன?

---

பயணப்பை
23 செப்டம்பர் 2024

வெளியே சாதாரணச் சாக்கு, உள்ளே இரண்டு தடித்த பிளாஸ்டிக் பை. ஒவ்வொன்றாகக் காற்றை வெளியேற்றி இறுக்கிக் கட்டினால் உள்ளே உள்ள வண்டு காற்றில்லாமல் செத்துவிடும், மருந்து வேண்டாம். கேமரூனில் தட்டைப்பயறுக்காக 1980களின் கடைசியில் ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகம் உருவாக்கியது. மலாவியில் இது முக்கியம், ஏனென்றால் விளைச்சல் கூடின கலப்பின மக்காச்சோளம் பலவும் மாவுத்தன்மை, வண்டு சுலபமாகத் துளைக்கும். பழைய நாட்டு ரகம் கல் மாதிரி இருக்கும். 'இடிக்க நன்றாக இருக்கிறது, வைத்தால் நிற்கிறது' என்று பெண்கள் அதைத்தான் கேட்பார்கள். அதைக் காதில் வாங்கவே ஆராய்ச்சிக்காரர்களுக்குப் பல வருஷம் ஆனது, 1990இல்தான் அந்தக் குணத்தோடு கலப்பினம் வந்தது.

ஒரு எச்சரிக்கை: எலி கடித்து ஒரு ஓட்டை விழுந்தால் பை வீண்.

---

லிம்பேவாசி
16 பிப்ரவரி 2025

பழைய இழையைத் தூசி தட்டுகிறேன். மழை தள்ளிப்போனது, டிசம்பர் நடுவில் சிடோ புயலின் வால் எங்கள் பக்கமும் அடித்தது. பெரிய சேதமில்லை.

ஜனவரி முதல் வாரம் மூட்டை பிரித்தார்கள். நான் போகவில்லை, பெட்ரோல் இல்லை, நாடே வரிசையில் நிற்கிறது. போன வாரம்தான் போக முடிந்தது. காவலாளியின் மனைவி என்னை நேராக வயலுக்கு அழைத்துப் போனார். இரண்டாம் களை முடிந்திருந்தது. வரப்புப் போல அணைத்த மண்ணில் குழிக்கு ஒரு விதையாக மக்காச்சோளம், நடுவே நண்டோலோ. பக்கத்து வயலில் பாதி உயரம் புல். அது மூட்டை வாங்காத வீடு. வெளியூரில் இருக்கிறார்கள் என்று குழு விட்டுவிட்டதாம். அதில் ஒரு மனஸ்தாபம் ஓடுகிறது.

கன்யூ எத்தனை நாள் என்றேன். ஐந்து என்று கையை விரித்துக் காட்டினார்.

---

கணக்கு_வாத்தியார்
17 பிப்ரவரி 2025

18, 5. நல்லது. ஆனால் ஒரு வீட்டுக் கணக்கை வைத்து முடிவுக்கு வராதீர்கள். திரும்பி வருகிறதா என்று பார்ப்போம்.

---

லிம்பேவாசி
27 ஜூலை 2025

வாத்தியாருக்கு: மூட்டை வாங்கிய அறுபதில் 41 வீடு திருப்பித் தந்திருக்கிறது. ஒன்பது வீடு நண்டோலோ வந்ததும் தருகிறோம் என்றிருக்கிறார்கள். மீதி பத்து வராது என்று குழுத் தலைவியே சொல்லிவிட்டார். அதில் இரண்டு வீட்டில் சாவு, மூன்று வீட்டு வயலில் ஒன்றுமே தேறவில்லை. மற்ற ஐந்தைப் பற்றி அவர் பேச விரும்பவில்லை, நானும் கேட்கவில்லை.

கடலை விதை வாங்கிய முப்பதில் பத்தொன்பது பேர் விதை எடுத்து வைத்திருக்கிறார்கள். மூன்றடுக்குப் பையில் நாலு, எலிக்கு. பயணப்பை சொன்னது அப்படியே.

தராசுக் கதையைத்தான் எழுத வந்தேன். ஒரு கொள்முதல்காரர் மக்காச்சோளம் வாங்க வந்து தன் தராசில் 43 கிலோ என்றாராம். பெண்கள் அதே மூட்டையை மாமரத்தில் தொங்கும் ஊர்த் தராசில் மாட்டினார்கள். 50. அவர் ஒன்றும் பேசாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு நாள் கழித்து இன்னொருவர் வந்தார், தராசே இல்லாமல்.

---

மண்டிக்காரன்
28 ஜூலை 2025

அடி சக்கை! அப்பா இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

இப்போது கெட்ட செய்தி. போன வருஷத்தைப் பார்க்கத் துவரை விலை இங்கே நன்றாக இறங்கிக் கிடக்கிறது. உள்ளூர் வரத்தும் உண்டு, இறக்குமதியும் திறந்தே இருக்கிறது. உங்கள் ஊர்க்காரர்கள் போன வருஷ விலையை மனதில் வைத்திருப்பார்கள். இப்போதே சொல்லிவிடுங்கள்: எல்லாவற்றையும் விற்கக் காத்திருக்க வேண்டாம், கடனுக்கும் சாப்பாட்டுக்கும் முதலில் எடுத்து வைக்கட்டும், மிச்சத்தை விற்கட்டும்.

---

நேர்படப்பேசு
28 ஜூலை 2025

முதல் பக்கத்தில் நான் எழுதியதை யாராவது நீக்கிவிடுங்கள். அப்புறம், இந்த வருஷம் சங்கத்துக்குப் பணம் அனுப்ப வழி உண்டா?

---

லிம்பேவாசி
29 ஜூலை 2025

நேர்படப்பேசு, நீக்க வேண்டாம், இருக்கட்டும். அந்தக் கேள்வி எங்கள் கூட்டத்திலும் வந்தது. பணம் பற்றித் தனிமடல் அனுப்புகிறேன்.

மண்டிக்காரன் சார், விலையைக் காவலாளியிடம் சொன்னேன். மனைவிக்குப் போன் போட்டு ஏதோ நீளமாகப் பேசினார். என்ன சொன்னார் என்று கேட்டேன். 'டெல்லியில் இருக்கிறவருக்கு நம் அறுவடை எந்த மாதம் என்று தெரியுமா என்று கேட்கிறாள்' என்றார்.

பெட்ரோல் கிடைத்தால் சனிக்கிழமை ஊருக்குப் போகிறேன். எலிக்கு ஏதாவது யோசனை இருந்தால் அதற்குள் எழுதுங்கள்.